பல டேபிள் தகவலை ஒரே பக்கத்தில் காட்டுவது: வரிகள் ஏன் பெருகுகின்றன, எண்ணிக்கை ஏன் தப்பாகிறது

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டது இப்படி. நூல்கள், ஆசிரியர்கள், வகைகள், விமர்சனங்கள் என்று டேட்டாபேஸில் டேபிள்கள் இருக்கின்றன. பக்கத்துக்கு 20 நூல்கள் காட்ட வேண்டும். ஒவ்வொரு நூலின் கீழும் ஆசிரியர் பெயர், அது எந்தெந்த வகையில் சேரும், மொத்தம் எத்தனை விமர்சனம், கடைசியாக வந்த இரண்டு விமர்சனங்கள், அவற்றை எழுதியவர் பெயர். முதலில் லூப் போட்டு நூல் நூலாக எடுத்தீர்கள். பக்கம் மெதுவாக வந்தது. "எல்லாவற்றையும் ஒரே ஜாயினில் எடு", அதாவது டேபிள்களின் வரிகளைப் பொருத்தி ஒரே முடிவாக எடு, என்று யாரோ சொல்லி மாற்றினீர்கள். இப்போது ஒரே நூல் ஆறு தடவை வருகிறது, ஒரே மாதிரி வரிகளை நீக்கும் டிஸ்டிங்ட் போட்டும் போகவில்லை, எண்ணிக்கை தப்பு, சில நூல்கள் பட்டியலிலேயே இல்லை.

இதெல்லாம் ஒரே இடத்தில் இருந்து வரும் தொல்லைகள்தான். க்வெரி (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளை) எழுதும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்: என் முடிவில் ஒரு வரி என்றால் அது எதைக் குறிக்கிறது? உங்கள் திரையில் ஒரு வரி என்பது ஒரு நூல். நீங்கள் எழுதிய ஜாயினில் ஒரு வரி என்பது ஒரு நூலும் ஒரு வகையும் ஒரு விமர்சனமும் சேர்ந்த ஒரு கூட்டு. இரண்டும் வேறு வேறு. அந்த வித்தியாசத்தை மறைக்கத்தான் டிஸ்டிங்ட் போட்டுப் பார்க்கிறோம்.

முதலில் அந்த லூப்பைப் பார்த்துவிடுவோம். 20 நூல்களை எடுக்க ஒரு க்வெரி. பிறகு ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர், வகைகள், எண்ணிக்கை, கடைசி இரண்டு விமர்சனம் என்று நான்கு. அதுவே 81. விமர்சனம் எழுதியவரின் பெயரையும் தனித்தனியாக எடுத்தால் இன்னும் 40, ஆக 121. டேட்டாபேஸ் வேறொரு மெஷினில் இருந்து, போய்வர 2 மில்லிசெகண்டு ஆகிறது என்று வையுங்கள். வேலை எதுவும் செய்யாமலே 242 மில்லிசெகண்டு போய்விட்டது. பட்டியலுக்கு ஒரு க்வெரி, அதில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இன்னும் சில: இதைத்தான் என் பிளஸ் ஒன் (N+1) பிரச்சினை என்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, இது எளிதில் கண்ணில் படாது. உங்கள் கணினியில் டேட்டாபேஸும் அப்ளிகேஷனும் ஒரே இடத்தில் ஓடுகின்றன, சோதனைக்கு நான்கு நூல்கள்தான் இருக்கும், எல்லாம் பறக்கும். சர்வரிலும், மெதுவான க்வெரிகளைக் குறித்துவைக்கும் ஸ்லோ க்வெரி லாகில் ஒன்றும் வராது, ஏனென்றால் தனித்தனியாகப் பார்த்தால் எந்த க்வெரியும் மெதுவானதல்ல. அதனால் ஒரு பக்கம் திறக்க எத்தனை க்வெரி போகிறது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். நூல்கள் கூடும்போது அந்த எண்ணும் கூடினால் எங்கோ ஒரு லூப் ஒளிந்திருக்கிறது.

சரி, இப்போது ஜாயினுக்கு வருவோம். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

7 என்ற எண் கொண்ட ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு வகைகள்: வரலாறு, பயணம். மூன்று விமர்சனங்கள்: 101, 102, 103. அவை தந்த மதிப்பெண் முறையே 5, 5, 2. நூலை வகைகளோடும் விமர்சனங்களோடும் ஒரே க்வெரியில் ஜாயின் செய்தால் வருவது இது:

7 | வரலாறு | 101 | 5
7 | வரலாறு | 102 | 5
7 | வரலாறு | 103 | 2
7 | பயணம் | 101 | 5
7 | பயணம் | 102 | 5
7 | பயணம் | 103 | 2

இரண்டு பெருக்கல் மூன்று, ஆறு வரி. வகைக்கும் விமர்சனத்துக்கும் ஒன்றோடொன்று எந்த உறவும் இல்லை. இரண்டும் அந்த நூலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எதை எதோடு சேர்ப்பது என்று டேட்டாபேஸுக்குச் சொல்ல நம்மிடம் விதி இல்லை, அதனால் அது எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்த்துவிடுகிறது. அது தப்புச் செய்யவில்லை, நாம் கேட்டதைத்தான் தந்திருக்கிறது. டிஸ்டிங்ட் ஏன் வேலை செய்யவில்லை என்பதும் இப்போது தெரியும். முழு வரியும் அச்சாக ஒத்திருந்தால்தான் அது ஒன்றை நீக்கும். மேலே உள்ள ஆறில் எந்த இரண்டும் ஒன்றல்ல.

இந்த ஆறு வரியின் மேல் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். எண்ணிக்கை 6 என்று வரும், உண்மையில் 3. மதிப்பெண்களின் கூட்டுத்தொகை 24 என்று வரும், உண்மையில் 12. ஆனால் சராசரி 4 என்று சரியாகவே வரும், ஏனென்றால் மேலும் கீழும் சமமாக இரட்டித்திருக்கிறது. ஆபத்து இங்கேதான். சராசரி மட்டும் காட்டும் பக்கத்தை நீங்கள் சோதித்துப் பார்த்துச் சரி என்று விட்டுவிடுவீர்கள். அப்புறம் ஒருநாள் எல்லா நூல்களுக்கும் சேர்த்து ஒரு சராசரி கேட்பார்கள். இரண்டு வகை உள்ள நூலின் விமர்சனங்கள் இரண்டு தடவையும், ஒரு வகை உள்ளதன் விமர்சனங்கள் ஒரு தடவையும் எண்ணப்பட்டு, அந்த எண் கோணலாக வரும்.

இங்கே பலர் கவுன்ட்டுக்குள் டிஸ்டிங்ட் போட்டு விமர்சன எண்ணை எண்ணுவார்கள். அது 3 என்று சரியாகத் தரும். அந்தத் தைரியத்தில் கூட்டுத்தொகைக்குள்ளும் டிஸ்டிங்ட் போட்டால் 5, 2 இரண்டை மட்டும் கூட்டி 7 என்று சொல்லும். ஒரே மதிப்பெண்ணை இருவர் தந்திருந்தால் ஒருவருடையது தொலைந்துபோகிறது. எண்ணிக்கைக்குப் பலித்த மருந்து கூட்டுத்தொகைக்கு விஷம்.

நான் ஒரு இடத்தில் வேலை பார்த்தபோது இதை நேராகப் பட்டிருக்கிறேன். ஆர்டர்களையும் ஆர்டரில் உள்ள பொருட்களையும் பணம் கட்டிய விவரங்களையும் ஒரே ஜாயினில் சேர்த்து மாத மொத்தம் காட்டும் பக்கம். பெரும்பாலானவர்கள் ஒரே தவணையில் பணம் கட்டியதால் மொத்தம் பல நாள் சரியாகவே வந்தது. இரண்டு தவணையாகக் கட்டியவர்கள் வர ஆரம்பித்ததும் அந்த ஆர்டர்களின் பொருட்கள் மட்டும் இரட்டித்தன. கணக்குப் பிரிவில் ஒருவர் கையால் கூட்டிப் பார்த்து, "உங்கள் எண் எங்கள் எண்ணோடு ஒத்துப்போகவில்லை" என்று வந்து நின்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பக்கம் விழுந்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்போம். விழாமல் தப்பான எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்த இடத்தில் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பக்கம் பிரிப்பதும் இதே காரணத்தால் கெடுகிறது. ஜாயின் செய்த முடிவின் மேல் லிமிட் 20 போட்டால் 20 வரிதான் கிடைக்கும், 20 நூல்கள் அல்ல. நூலுக்கு ஆறு வரி என்றால் மூன்று நூல்களும் நான்காவதன் இரண்டு வரியும் வரும். அந்த நான்காவது நூலின் மற்ற விமர்சனங்கள் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும். ஹைபர்நேட் போன்ற சில ஓஆர்எம்கள் (எஸ்க்யூஎல் எழுதாமல் டேபிள்களைக் கோடிலிருந்தே கையாள உதவும் லைப்ரரிகள்) இதைத் தவிர்க்க எல்லா வரிகளையும் மெமரிக்கு இழுத்து, அங்கே வைத்துப் பக்கம் பிரிக்கும். லாகில் ஓர் எச்சரிக்கையும் எழுதும். அந்த எச்சரிக்கையைக் கண்டால் கடந்து போகாதீர்கள், டேபிள் பெரிதானால் சர்வரே மூச்சுத் திணறும்.

ஏன் இப்படி என்று கேட்டால், 1970-இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் ரிலேஷனல் மாடலை முன்வைத்தபோதே இதன் வடிவம் முடிவாகிவிட்டது. டேபிள்களின் மேல் எந்த வேலை செய்தாலும் விடையும் ஒரு டேபிளாகவே வரும், தட்டையாக. அதனால்தான் க்வெரிக்குள் க்வெரி என்று எழுத முடிகிறது. ஆனால் நம் திரை தட்டையானது இல்லை. அது ஒரு மரம்: நூல், அதன் கீழே வகைகள், இன்னொரு கிளையில் விமர்சனங்கள். இரண்டு கிளை உள்ள மரத்தை ஒரே தட்டை டேபிளில் அடைக்கப் பார்த்தால் கிளைகள் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ளும்.

அப்படியானால் எங்கே ஜாயின் செய்யலாம்? எதிர்ப்பக்கத்தில் அதிகபட்சம் ஒரே ஒரு வரிதான் கிடைக்கும் என்றால் தாராளமாகச் செய்யலாம். நூலுக்கு ஒரு ஆசிரியர் என்றால் ஆசிரியர் டேபிளை ஜாயின் செய்வதால் வரி கூடாது. விமர்சனத்தில் இருந்து எழுதியவருக்குப் போவதும் அப்படியே. எதிர்ப்பக்கத்தில் பல வரி இருக்கலாம் என்றால் அதைத் தனி க்வெரியாக எடுங்கள். ஒரே ஒரு கிளையை ஜாயின் செய்து அப்ளிகேஷனில் பிரித்துக்கொள்வதில் தப்பில்லை, ஆனால் இரண்டாவது கிளை வந்து சேரும் நாளில் யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். நான் முதலிலேயே பிரித்துவிடுவேன்.

உங்கள் பக்கத்துக்கு நான்கு க்வெரி போதும்.

முதலாவது, நூல்கள். ஆசிரியரை லெஃப்ட் ஜாயின் (எதிர்ப்பக்கத்தில் எதுவும் இல்லாவிட்டாலும் நூலை விடாது) செய்து, வரிசைப்படுத்தி, லிமிட் 20. உங்கள் பட்டியலில் சில நூல்கள் காணாமல் போனதற்குக் காரணம், இரு பக்கமும் பொருந்தும் வரிகளை மட்டும் தரும் இன்னர் ஜாயின். ஆசிரியர் இல்லாத தொகுப்பு நூல், இன்னும் யாரும் விமர்சிக்காத புது நூல் எல்லாம் அதில் கழன்றுவிடும். வரிசைப்படுத்தும்போது வெளியான தேதியோடு நூல் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரே தேதியில் ஐந்து நூல்கள் இருந்தால், தேதியை மட்டும் கொடுத்தால் அவை எந்த வரிசையில் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரே நூல் முதல் பக்கத்திலும் இரண்டாம் பக்கத்திலும் வரலாம், இன்னொன்று எங்குமே வராமல் போகலாம்.

இந்த 20 நூல்களின் எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றும் இவற்றை வைத்துத்தான்.

இரண்டாவது, வகைகள். நூலையும் வகையையும் இணைக்கும் டேபிளில், நூல் எண் இந்த இருபதில் ஒன்றாக இருக்கும் வரிகளை எடுத்து, வகையின் பெயரை ஜாயின் செய்யுங்கள்.

மூன்றாவது, எண்ணிக்கையும் சராசரியும். விமர்சன டேபிளை மட்டும் தொட்டு, நூல் எண்ணால் குரூப் பை, அதாவது நூல்வாரியாகத் திரட்டல். வேறு எதையும் ஜாயின் செய்யாததால் இங்கே எண் தப்பாவதற்கு வழியே இல்லை. விமர்சனமே இல்லாத நூலுக்கு இதில் வரி வராது, அப்ளிகேஷனில் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதையே முதல் க்வெரியில் லெஃப்ட் ஜாயினாகச் செய்து கவுன்ட் ஸ்டார் போட்டிருந்தால், விமர்சனம் இல்லாத நூலுக்கு 1 என்று வந்திருக்கும். எதிர்ப்பக்கம் காலியாக இருந்தாலும் நூலுக்கென்று ஒரு வரி இருக்கிறது அல்லவா, அதை எண்ணிவிடும். அப்படிச் செய்யத்தான் வேண்டும் என்றால் விமர்சன எண்ணைக் கொடுத்து கவுன்ட் செய்யுங்கள், நல் (NULL), அதாவது மதிப்பே இல்லாத இடத்தை அது எண்ணாது.

நான்காவது, கடைசி இரண்டு விமர்சனங்கள். கொஞ்சம் யோசிக்க வேண்டியது இதுதான். எல்லா விமர்சனத்தையும் எடுத்து அப்ளிகேஷனில் இரண்டை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு நூலுக்கு 5,000 விமர்சனம் இருந்தால் இரண்டைக் காட்ட ஐயாயிரத்தையும் சுமந்து வர வேண்டும். லிமிட் 40 போட்டாலும் உதவாது, நாற்பதும் ஒரே நூலுக்குப் போய்விடலாம். இங்கே விண்டோ ஃபங்ஷன் (வரிகளைச் சுருக்காமலே குழுக்குழுவாகக் கணக்கிடுவது) வேண்டும். ரோ நம்பரை, நூல் எண்ணால் பார்ட்டிஷன் செய்து, எழுதிய நேரத்தின் இறங்குவரிசையில் ஓட்டினால், ஒவ்வொரு நூலுக்குள்ளும் விமர்சனங்களுக்கு 1, 2, 3 என்று எண் விழும். அதை உள் க்வெரியாக வைத்து, வெளியே எண் 2-க்குள் இருப்பதை மட்டும் எடுத்து, எழுதியவர் பெயரை ஜாயின் செய்யுங்கள். போஸ்ட்கிரெஸில் இது வெகுநாளாக இருக்கிறது, மைஎஸ்க்யூஎல்லில் 8.0-இல் வந்தது. நூல்கள் சில, ஒவ்வொன்றுக்கும் விமர்சனங்கள் பல ஆயிரம் என்றால் லேட்டரல் ஜாயின் (ஒவ்வொரு நூலுக்கும் உள் க்வெரியை டேட்டாபேஸுக்குள்ளேயே ஓட்டுவது) இன்னும் வேகமாக இருக்கலாம். நூல் எண், எழுதிய நேரம் இரண்டும் சேர்ந்த ஒரு இண்டெக்ஸ் (வரிகளை வேகமாகத் தேட உதவும் பட்டியல்) இருந்தால் நூலுக்கு இரண்டு வரியை மட்டும் தொட்டுவிட்டு நகர்ந்துவிடும். இரண்டையும் எழுதி, டேட்டாபேஸ் க்வெரியை எப்படி ஓட்டுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயினை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கடைசியில் அப்ளிகேஷனில் கோத்துவிட வேண்டியதுதான். மூன்று முடிவுகளையும் நூல் எண்ணைச் சாவியாக வைத்து டிக்ஷனரியில் போட்டுக்கொண்டு, முதல் க்வெரியின் வரிசையில் நூல்களை நடந்து, ஒவ்வொன்றுக்கும் உரியதை எடுத்து ஒட்டுங்கள். நூல் எண்களை எந்த வரிசையில் கொடுத்தீர்களோ அதே வரிசையில் விடை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், "இந்தப் பட்டியலில் ஒன்று" என்று கேட்கும் இன் (IN) வரிசையைக் காப்பாற்றாது. முதல் க்வெரியில் ஒரு நூலும் வரவில்லை என்றால் மற்ற மூன்றையும் ஓட்டாமல் விட்டுவிடுங்கள். இன்-க்குள் காலிப் பட்டியல் கொடுத்தால் பல டேட்டாபேஸ்களில் அது சின்டாக்ஸ் பிழையாகவே கொள்ளப்படும். எண்களைச் சரமாக ஒட்டி க்வெரிக்குள் எழுதாமல் பாராமீட்டராகவே அனுப்புங்கள். இருபது எண்களுக்குப் பிரச்சினை இல்லை, ஆயிரக்கணக்கில் அனுப்பினால் ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் ஒரு வரம்பு உண்டு.

121 க்வெரி 4 ஆயிற்று. பக்கத்துக்கு 50 நூல்கள் காட்டினாலும் அதே 4-தான்.

ஓஆர்எம் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இதில் பாதியை அதுவே செய்யும். ஜாங்கோ என்ற வெப் ஃபிரேம்வொர்க்கில் செலக்ட் ரிலேட்டட் என்பது ஜாயின், ஆசிரியருக்கு அது. ப்ரீஃபெட்ச் ரிலேட்டட் என்பது தனி க்வெரி, வகைகளுக்கு அது. அதைப் போன்ற லாராவெல்லில் இதற்கு வித் (with), ரெயில்ஸில் இன்க்ளூட்ஸ். ஆனால் டெம்ப்ளேட்டுக்குள் கவனம் வேண்டும். ஜாங்கோவில் ப்ரீஃபெட்ச் செய்த விமர்சனங்களின் மேல் மறுபடி ஃபில்டர் போட்டால் அது ஒவ்வொரு நூலுக்கும் புது க்வெரி ஓட்டும், முன்பு எடுத்தது வீண். "நூலுக்கு இரண்டு மட்டும்" என்பதும் எல்லா ஓஆர்எம்மிலும் நேராக வராது. ரெயில்ஸில் உறவில் லிமிட் போட்டு முன்கூட்டியே ஏற்றினால் அந்த லிமிட் கண்டுகொள்ளப்படாமல் எல்லாமே வரும். ஜாங்கோவில் 4.2 முதல் ப்ரீஃபெட்சுக்குள் இப்படி வெட்டி எடுக்க முடிகிறது. ஓஆர்எம் என்ன எஸ்க்யூஎல் அனுப்புகிறது என்று லாகைத் திறந்து ஒருமுறை படித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

வடிகட்டுதல் வரும்போது இன்னொரு தடுமாற்றம் வரும். "பயணம் வகையில் உள்ள நூல்கள் மட்டும்" அல்லது "5 மதிப்பெண் பெற்ற விமர்சனம் ஒன்றாவது உள்ள நூல்கள்" என்று கேட்டால் கை தானாக ஜாயினுக்குப் போகும், வரிகள் மறுபடி பெருகும். நமக்கு அந்த விமர்சனம் தேவையில்லை, அது இருக்கிறதா என்பதுதான் தேவை. அதற்கு எக்ஸிஸ்ட்ஸ் இருக்கிறது. எத்தனை விமர்சனம் பொருந்தினாலும் நூல் ஒரே வரியாகவே நிற்கும். விமர்சனமே இல்லாதவை வேண்டும் என்றால் நாட் எக்ஸிஸ்ட்ஸ். நாட் இன் வேண்டாம், உள் க்வெரியில் ஒரே ஒரு நல் வந்துவிட்டால் முழுப் பட்டியலும் காலியாகத் திரும்பும், பிழை என்று எதுவும் சொல்லாமல்.

லெஃப்ட் ஜாயினிலும் இப்படி ஒரு இடம் இருக்கிறது. ஆசிரியரை லெஃப்ட் ஜாயின் செய்துவிட்டு, வேர் (WHERE) பகுதியில் "ஆசிரியர் நிலை செயலில் உள்ளவர்" என்று நிபந்தனை போட்டால், ஆசிரியர் இல்லாத நூல்கள் அந்த நிபந்தனையில் விழுந்துபோகும். எழுதியது லெஃப்ட் ஜாயின், நடப்பது இன்னர் ஜாயின். நிபந்தனையை ஜாயினின் ஆன் (ON) பகுதிக்குள் வைத்தால் நூல் நிற்கும், ஆசிரியர் மட்டும் காலியாக வருவார்.

அதிக விமர்சனம் பெற்றவை முதலில் என்று வரிசைப்படுத்தக் கேட்டால் எண்ணிக்கை முதல் க்வெரிக்கே தேவைப்படும். விமர்சனங்களை முதலில் தனியே குரூப் செய்து நூலுக்கு ஒரு வரி ஆக்கிவிட்டு, அந்தச் சுருக்கத்தை லெஃப்ட் ஜாயின் செய்யுங்கள். நூலுக்கு ஒரு வரி என்று ஆனபிறகு அது ஆசிரியரைப் போலத்தான், பெருகாது. காலியாக வருவதை கோலெஸ் (COALESCE) கொண்டு பூஜ்யமாக்குங்கள். டேபிள் மிகப் பெரிதாகி இதுவும் மெதுவானால் நூல் டேபிளிலேயே எண்ணிக்கைக்கு ஒரு ஃபீல்டு வைத்து, விமர்சனம் சேரும்போதும் நீங்கும்போதும் அதே டிரான்சாக்ஷனில் மாற்றலாம். ஆனால் அது கடைசி வழி. நகல் வைத்தால் அதைச் சரியாக வைத்திருக்கும் பொறுப்பும் கூடவே வரும்.

வகைகளை ஒரே சரமாக ஒட்டிக் கொண்டுவர குரூப் கான்கட் பயன்படுத்தச் சிலர் சொல்வார்கள். சின்னப் பட்டியலுக்குச் சரி. மைஎஸ்க்யூஎல்லில் அதன் நீளத்துக்கு இயல்பான வரம்பு 1024 பைட்டுதான், தாண்டினால் வெட்டிவிடும். தமிழ் எழுத்து யூடிஎஃப் 8-இல் குறியீட்டுக்கு மூன்று பைட் பிடிக்கும் என்பதால் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரமே அந்த வரம்பு வந்துவிடும். ஜேசனாகத் திரட்டித் தரும் ஃபங்ஷன்கள் அதைவிட ஒழுங்கானவை.

இண்டெக்ஸ் பற்றி ஒன்று மட்டும். ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் ஃபீல்டு) வைத்துவிட்டால் அதற்கு இண்டெக்ஸும் தானாக வரும் என்று பலர் நம்புகிறார்கள். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில் வரும். போஸ்ட்கிரெஸில் வராது, விமர்சன டேபிளின் நூல் எண்ணுக்கு நீங்களே போட வேண்டும். நூல் எண்ணை முதலில் வைத்து மேலே சொன்ன கூட்டு இண்டெக்ஸைப் போட்டிருந்தால் அதுவே போதும்.

மாற்றி எழுதியபின் சோதிக்க ஒரு நூல் போதாது. விமர்சனமும் ஆசிரியரும் வகையும் இல்லாத ஒரு நூல், இரண்டு வகையும் மூன்று விமர்சனமும் உள்ள ஒரு நூல், அந்த மூன்றில் இரண்டுக்கு ஒரே மதிப்பெண், ஒரே தேதியில் வெளியான சில நூல்கள். இவ்வளவையும் சோதனை டேட்டாவில் வைத்து ஓட்டுங்கள். உங்கள் பழைய க்வெரியையும் இதே டேட்டாவில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்த நூல் காணாமல் போகிறது, எது ஆறாகப் பெருகுகிறது என்று உங்கள் கண்முன்னே தெரியும்.